ஐந்து வீட்டுப் பழைய கட்டடமா, கண்ணாடிக் கோபுரமா? பாஸ்டனில் காண்டோ வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஓர் இளம் தம்பதி இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒன்று பாஸ்டனின் சவுத் எண்ட் பகுதியில், யூனியன் பார்க் பக்கம், 1850களில் எழுப்பிய செங்கல் வரிசை வீடு. ஒரே குடும்பத்துக்கென்று கட்டியதைப் பிற்காலத்தில் ஐந்து காண்டோக்களாக, அதாவது தனித்தனிச் சொந்தக்காரர்களுக்கு விற்கும் ஃபிளாட்டுகளாக, பிரித்திருக்கிறார்கள். அதில் வாசல் படி ஏறியதும் வருகிற தளம் விற்பனைக்கு வந்திருக்கிறது. இன்னொன்று சீபோர்ட்டில், துறைமுகத்தைப் பார்த்த கண்ணாடிக் கோபுரத்தில் பதினான்காவது மாடி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். "அக்கா, நீங்களா இருந்தா எதை வாங்குவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

நான் இரண்டிலும் இருந்திருக்கிறேன். கோபுரம் ஒன்றில் மூன்று வருடம் வாடகைக்கு. அப்புறம் பன்னிரண்டு வருடமாகச் சவுத் எண்டில், இதே மாதிரி ஐந்து வீட்டுக் கட்டடத்தில், சொந்த வீட்டில். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

அழகைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, பார்த்தாலே தெரியும். சவுத் எண்டின் வீடுகளுக்கு முன்சுவர் வயிறு தள்ளினாற்போல் வளைந்திருக்கும். தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு படி, வார்ப்பிரும்புக் கைப்பிடி, நடுவே நீள்வட்டப் பூங்கா. அமெரிக்காவில் விக்டோரிய காலத்துச் செங்கல் வரிசை வீடுகள் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருக்கும் பெரிய பகுதி இதுதான் என்பார்கள். எஞ்சியதற்குக் காரணம் ஒரு வகையில் வறுமை. 1873ல் வந்த பொருளாதார நெருக்கடியை ஒட்டிப் பணக்காரர்கள் பக்கத்திலுள்ள பேக் பே பகுதிக்குப் போய்விட்டார்கள், இந்த வீடுகள் வாடகை அறைகளாக மாறின. இடித்துக் கட்ட யாரிடமும் காசு இல்லாததால் கூரையில் செய்த சாந்துப் பூவேலைகூட அப்படியே நின்றது. 1973ல் இந்தப் பகுதி வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறியது, 1983ல் நகரமும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

கோபுரத்தில் கிடைப்பது காட்சியும் வசதியும். லிஃப்ட், ஜிம், பார்சல் வாங்கி வைக்க ஆள், கீழேயே கார் நிறுத்துமிடம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வித்தியாசம் தொடங்குவது பத்திரத்தில். நம் ஊரில் ஃபிளாட் வாங்கும்போது யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் நம் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று கேட்போம் இல்லையா, இங்கேயும் அதே கணக்குதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் காண்டோ சட்டம் 1963ல் வந்தது, 183ஏ என்று சொல்வார்கள். மாஸ்டர் டீட் என்ற மூலப் பத்திரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம், படிக்கட்டு எல்லாம் பொது. செலவு வந்தால் அந்தச் சதவீதப்படி பங்கு. இருநூறு வீடு உள்ள கோபுரத்தில் உங்கள் பங்கு அரை சதவீதம். ஐந்து வீட்டில் இருபது, இருபத்தைந்து. அதாவது சின்னக் கட்டடத்தில் வீட்டோடு சேர்த்து மற்ற நான்கு பேரின் பணப்பையையும் பொறுமையையும் வாங்குகிறீர்கள். அவர்களும் உங்களுடையதை.

2015 குளிர்காலம் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பருவத்தில் பாஸ்டனில் 110.6 அங்குலம் பனி விழுந்தது, பதிவானதிலேயே அதிகம். மேல்மாடியின் சூட்டில் கூரைப் பனி உருகி, ஓரத்துக்கு வந்ததும் திரும்ப உறைந்து வரப்பு மாதிரி நின்றுவிடும். பின்னால் வரும் தண்ணீருக்குப் போக வழியில்லை, உள்ளே இறங்கும். ஒரு ராத்திரி மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால் அவர் கூரையின் வெள்ளைப் பூச்சில் பழுப்பு வட்டம் ஒன்று தட்டு அளவுக்கு விரிந்திருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே அதன் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, கீழே வைத்த இட்லிப் பாத்திரத்தில் 'டங்' என்று விழுந்தது. அந்தப் பாத்திரம் என்னுடையது. அவர் வீட்டில் அவ்வளவு பெரிய ஏனம் கிடையாது.

கூரையை முழுசாக மாற்ற வேண்டியதாயிற்று. எங்கள் கார்பஸ் ஃபண்டில், அதாவது பெரிய செலவுக்கென்று சேர்த்த பொதுப் பணத்தில், இருந்தது பாதிச் செலவுக்குக்கூடக் காணாது. போதுமான சேமநிதி தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எவ்வளவு என்று சொல்லவில்லை. மாதக் கட்டணத்தைக் குறைவாக வைத்திருந்ததில் எல்லோருக்கும் அதுவரை சந்தோஷம்தான். ஐந்து பேரும் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஓய்வு பெற்ற ஒருவருக்கு மொத்தமாகக் கொடுக்க முடியவில்லை. அவர் பங்கை மற்றவர்கள் போட்டு, பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கிக்கொண்டோம். அவரும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அன்றிலிருந்து மாதக் கட்டணத்தை உயர்த்தி, அதில் ஒரு பகுதியைத் தொடாமல் வைக்கிறோம்.

அதே பனியில் கோபுரவாசிகளுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. மேனேஜர் இருக்கிறார், அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஐம்பது வீடும் அதற்கு மேலும் உள்ள காண்டோ என்றால் வருடாவருடம் வெளிக் கணக்காளர் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். எங்களைப் போன்ற சின்னக் கட்டடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கணக்கு எழுதுபவர் மூன்றாம் மாடிக்காரர்தான். அவர் ஒழுங்கானவர் என்பது எங்கள் அதிர்ஷ்டம். இந்த அதிர்ஷ்டத்தை நம்பி யாரும் வீடு வாங்கக் கூடாது. அதனால்தான் அந்தத் தம்பதியிடம் முதலில் மூன்று வருட மீட்டிங் குறிப்புகளையும் வங்கிக் கணக்குத் தாளையும் கேட்டு வாங்கச் சொன்னேன். விற்பவர் பொதுச்செலவு பாக்கி வைத்திருக்கிறாரா என்பதற்கு 6டி சான்றிதழ் என்று ஒன்று வரும். அது அந்த வீட்டின் பாக்கியை மட்டுமே சொல்லும், கட்டடத்தின் ஆரோக்கியத்தைச் சொல்லாது. 2021 ஜூனில் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் காண்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தபின், கடன் கொடுப்பவர்களும் தள்ளிப்போட்ட பராமரிப்பைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். சின்னக் கட்டடமானாலும் கேட்கலாம்.

இனி, பலர் கேட்காமலே விட்டுவிடும் விஷயம். சவுத் எண்டும் பேக் பேயும் பெரும்பாலும் சதுப்பையும் அலை ஏறும் சேற்று நிலத்தையும் மண் கொட்டி நிரப்பி உண்டாக்கிய தரை. வீடுகள் நிற்பது அந்த மண்ணில் அடித்து இறக்கிய மரக்கம்பங்கள் மேல். பேக் பேயில் காப்லி சதுக்கத்து டிரினிட்டி தேவாலயம் மட்டும் சுமார் 4,500 கம்பங்கள் மேல் நிற்கிறது. பயப்படத் தேவையில்லை, ஊரில் கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போட்டு வைப்போமே, அது மாதிரி தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மரம் தலைமுறைகள் தாண்டியும் இருக்கும். ஆபத்து தண்ணீர் இறங்கும்போதுதான். ஓட்டை விழுந்த சாக்கடைக் குழாய்களும் சுரங்கப் பாதைகளும் நிலத்தடி நீரை இழுத்துக்கொண்டு போக, மழைநீரை உள்ளே விடாமல் தரையெல்லாம் சிமெண்ட் மூட, நீர்மட்டம் கம்பத்தின் தலைக்குக் கீழே போய்விடும். காற்றுப் பட்ட இடத்தில் பூஞ்சை பிடித்து மரம் இற்றுப்போகும். 1929ல் காப்லி சதுக்கத்துப் பொது நூலகத்திலேயே இது நடந்தது. 1980களில் பீக்கன் ஹில் அடிவாரத்து வீடுகளில் திரும்பவும் தெரியவர, 1986ல் நிலத்தடி நீரைக் கண்காணிக்கவே ஒரு அறக்கட்டளை அமைந்தது.

அந்த அறக்கட்டளை நடைபாதைகளில் நூற்றுக்கணக்கான கண்காணிப்புக் கிணறுகள் வைத்து அளவெடுக்கிறது, அளவுகள் யாரும் பார்க்கலாம். சின்ன வட்ட இரும்பு மூடிதான், தினமும் மிதித்துக்கொண்டு போவோம். வாங்குகிறவர் அருகிலிருக்கும் கிணற்றின் அளவைப் பார்க்க வேண்டும், அதோடு அஸ்திவாரத்தருகே குழி தோண்டிக் கம்பத்தின் தலையைப் பார்த்த அறிக்கை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இற்ற தலைகளை வெட்டிவிட்டு எஃகும் கான்கிரீட்டும் வைத்துத் தாங்கிக் கொடுப்பதற்கு ஒரு வரிசை வீட்டுக்கே சில லட்சம் டாலர் ஆகும். அதை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் பளிங்குக் கணப்பும் பதினோரடிக் கூரையும் என்னை மயக்காது.

கோபுரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் கவலை கடலிலிருந்து வரும் தண்ணீர். 2018 ஜனவரி புயலில் துறைமுகத்து நீர் கரையேறி சீபோர்ட் பக்கத் தெருக்களில் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். பதினான்காவது மாடி நனையாது. ஆனால் கார் நிற்கும் அடித்தளமும் மின்சார அறையும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்குள் வருவோம். நம் சமையல் என்றால் தாளிப்பு. பழைய கட்டடத்தில் எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு, கடுகு வெடித்தால் வாசனை மூன்றாம் மாடி வரை போகும். அடுப்புக்கு மேல் இருக்கும் சிம்னி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் பின்சுவரில் துளை போட்டு வெளியே விட்டோம். வெளிச்சுவர் பொதுச்சொத்து என்பதால் மற்ற நால்வரின் சம்மதக் கையெழுத்து வாங்கிய பிறகுதான். தெருப்பக்கம் என்றால் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நகர ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். ஜன்னலை நினைத்தபடி பிளாஸ்டிக்குக்கு மாற்ற முடியாது, பழைய அமைப்பு கெடாமல்தான் செய்ய வேண்டும். செங்கல் இடுக்கில் சிமெண்ட் பூசக் கூடாது, சுண்ணாம்புக் கலவைதான். நம் பழைய வீடுகளுக்கும் இதே விதிதானே. சிமெண்ட் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறும், குளிரில் உறைந்து செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். இந்தக் கட்டுப்பாடுகள் தொந்தரவு என்று வாங்குகிற நாளில் நினைத்தேன். இப்போது ஆணையம் இருப்பதால்தான் எதிர்வீட்டு முகப்பு 1850களின் முகப்பாகவே இருக்கிறது என்று நன்றியோடு பார்க்கிறேன்.

சத்தம் இரண்டிலும் உண்டு, வகைதான் வேறு. மரத்தளம் என்பதால் மேல்வீட்டுக் குழந்தையின் ஓட்டம் அப்படியே கேட்கும். என் மிக்ஸி அவர்களுக்குக் கேட்கும், அதனால் ஏழு மணிக்கு முன் போடமாட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு ஹோமம் வைப்பதாக இருந்தால் இரண்டு இடத்திலும் முன்கூட்டிச் சொல்லுங்கள். இங்கே நான்கு கதவைத் தட்டினால் போதும். கோபுரத்தில் புகை அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

சிறு குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஈயப் பெயிண்ட் பெரிய விஷயம். 1978க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை வசித்தால், ஈயப் பெயிண்டை அகற்றவோ கட்டுக்குள் கொண்டுவரவோ வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வீட்டுச் சொந்தக்காரரே பெற்றோராக இருந்தாலும் இது பொருந்தும். பொதுப் படிக்கட்டும் கணக்கில் வரும். முன்னமே செய்து முடித்ததற்கான சான்றுக் கடிதம் இருந்தால் நிம்மதி. தீ விபத்துக்கான இரும்பு ஏணிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சான்று வாங்க வேண்டும், அந்தத் தேதியையும் கேளுங்கள். கோபுரத்தில் இவை எதையும் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

படி. இதில்தான் நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். என் அம்மா திருச்சியிலிருந்து முதல் தடவை வந்தபோது வாசல் படியில் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பூங்காவைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கினார். முழங்கால் வலி என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். அப்பா அம்மா வருடத்தில் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால், கோபுரத்தின் லிஃப்டுக்கு முன்னால் நான் மேலே எழுதிய சாந்துப் பூவேலை எதுவும் நிற்காது.

ஆனால் அதே வாசல் படியில்தான் எனக்கு ஊர் கிடைத்தது. பனி நின்ற மூன்று மணி நேரத்துக்குள் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நகர விதி. எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். என் முறை வந்த நாளில் ஜுரமாகப் படுத்திருந்தேன். காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் படி சுத்தமாக இருந்தது, உப்பும் தூவியிருந்தது. யார் செய்தார்கள் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. கோபுரத்தில் மூன்று வருடம் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. அங்கிருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஒருவரை ஒருவர் நாட வேண்டிய வேலையே எங்களுக்கு ஏற்படவில்லை.

மாதக் கட்டணம் கோபுரத்தில் கணிசமாக அதிகம். ஆனால் பழைய கட்டடத்தில் குறைவாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், எதையோ தள்ளிப்போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: கம்ப அறிக்கை நன்றாக இருந்து, மற்ற நான்கு பேரில் இரண்டு பேரையாவது நேரில் சந்தித்துப் பேச முடிந்தால் சவுத் எண்டை வாங்குங்கள். வேலை நிமித்தம் மாதத்தில் பாதி நாள் வெளியூர் என்றாலோ, வீட்டுப் பொறுப்பில் கை வைக்க மனமில்லை என்றாலோ சீபோர்ட். அவர்கள் விற்பவருக்கு எழுதி அறிக்கை கேட்டார்கள். போன வாரம் வந்தது. கம்பத்தின் தலை தண்ணீருக்கு ஒன்றரை அடி கீழே, மரம் உறுதியாக இருக்கிறது. கூரைக்குத்தான் வயதாகிவிட்டதாம். இந்தச் சனிக்கிழமை கீழ்வீட்டுக்காரரோடு காபி குடிக்கப் போகிறார்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. படி ஏறிப் பார்க்கட்டும் என்று.