கேம் மாஸ்டருக்கு மேப் வரைய எந்த மென்பொருள்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

டேபிள்டாப் ஆர்பிஜியை, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதைக்குள் ஆடும் விளையாட்டை, கேம் மாஸ்டராக நடத்தத் தொடங்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "மேப் வரைய எது நல்ல சாஃப்ட்வேர்?" எந்த மேப் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஒரு கண்டத்தையே காட்டும் மேப் வேறு, கோப்ளின்கள் பதுங்கியிருக்கும் கிடங்கின் மேப் வேறு. முதலாவதை ஆட்டக்காரர்கள் பார்த்து ரசிப்பார்கள். இரண்டாவதில் இறங்கிச் சண்டை போடுவார்கள். அதனால் நான் இரண்டுக்கும் தனித்தனி மென்பொருள் வைத்திருக்கிறேன்.

உலக மேப்புக்கு வொண்டர்டிராஃப்ட். ஒரு தடவை பணம் கட்டினால் போதும், இணையம் இல்லாமலே ஓடும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. பிரஷ்ஷை இழுத்தால் நிலம் எழும்பும்; கரையோரம் தானாகவே வளைந்து நெளிந்து வரும். ஓவியம் வராதவர்களுக்கு இது பெரிய வரம். ஆனாலும் இத்தனை நாள் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. ஆட்டக்காரர்கள் ஒரு நகரத்தைக் கொளுத்திவிட்டால், பழைய ஃபைலைத் திறந்து அந்த ஒரு சின்னத்தை மட்டும் மாற்றிவிட்டு அடுத்த அமர்வுக்குப் போய்விடலாம். நீண்ட கேம்பெயின் (பல அமர்வுகளாகத் தொடரும் ஒரே கதை) நடத்துபவர்கள் மேப்பை வரைவதைவிடத் திருத்துவதுதான் அதிகம்.

சண்டை நடக்கும் போர்க்கள மேப்புக்கு, வொண்டர்டிராஃப்டை உருவாக்கிய அதே ஆளின் டன்ஜன்டிராஃப்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவரை இழுத்து, அதன் மேல் கதவைக் கொண்டுபோனால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு விளக்கு வைக்கிறீர்கள். எல்லாம் முடிந்ததும் வெறும் படமாக இல்லாமல் யுனிவர்சல் விடிடி வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள் (விடிடி என்பது ஆன்லைனில் ஆடுவதற்கான மெய்நிகர் மேசை). சுவர் எங்கே, கதவு எங்கே, வெளிச்சம் எதுவரை என்ற தகவலும் படத்தோடு சேர்ந்தே போகும். ஃபவுண்ட்ரி என்ற விடிடியில் அதற்கான மாட்யூலை (கூடுதல் நிரல்) போட்டு இறக்கினால், மூடிய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது கதவைத் திறக்கும்வரை ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது. வெறும் படத்தை ஏற்றினால் இந்தச் சுவர்களை எல்லாம் கோடு கோடாக நாமே மறுபடி வரைய வேண்டும். அறைகள் நிறைந்த கோட்டை என்றால் ஒரு மாலைப் பொழுது அதிலேயே போய்விடும். ஆன்லைனில் ஆடுபவர்கள் மென்பொருள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த எக்ஸ்போர்ட் வசதியைத்தான்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது அளவையும் கவனியுங்கள். டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியில் போர்க்கள மேப்பின் ஒரு கட்டம் 5 அடி. 30க்கு 20 கட்டம் உள்ள மேப்பைக் கட்டத்துக்கு 100 பிக்சல் என்று எடுத்தால் 3000க்கு 2000 பிக்சல் வரும். திரைக்கு இது தாராளம். மேசையில் மினியேச்சர் (சின்னப் பொம்மைகள்) வைத்து ஆட, ஒரு அங்குலக் கட்டமாக 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட வேண்டுமென்றால் அதே மேப் 9000க்கு 6000 ஆகிவிடும். ஒரு ஏ4 தாளில் 8க்கு 11 கட்டம்தான் அடங்கும் என்பதால் பெரிய மேப்பைத் துண்டு துண்டாகத்தான் அச்சிட முடியும்.

சரி, மற்றவை. இன்கார்னேட் பிரவுசரிலேயே ஓடும். பழகுவதற்கு இவ்வளவு சுலபமான ஒன்றை நான் பார்க்கவில்லை. முழு வசதிக்குச் சந்தா கட்ட வேண்டும், வரைந்ததெல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கும். பல வருடம் ஓடப்போகும் கேம்பெயினின் மூல ஃபைல் என் கணினியிலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அந்தக் கவலை இல்லாதவர்கள் தயங்காமல் இதில் தொடங்கலாம். கேம்பெயின் கார்டோகிராஃபர் 1993இலிருந்து இருக்கிறது. அடிப்படையில் அது ஒரு கேட் (பொறியியல் வரைபடங்கள் போடும் வகை) மென்பொருள் என்பதால் துல்லியம் அபாரம். பழகத்தான் பொறுமை வேண்டும். நாளைக்கே ஆட்டம், கையில் எதுவும் இல்லை என்றால் டன்ஜன் ஆல்கெமிஸ்ட். அறையை இழுத்து 'மதுக்கூடம்' என்று தேர்ந்தெடுத்தால் மேசை நாற்காலி எல்லாம் அதுவே போட்டுவிடும்.

காசே செலவழிக்க வேண்டாம் என்றால் அஸ்கார் உருவாக்கிய ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆறு, எல்லை, நாடு, மதம் என்று ஒரு முழு உலகத்தையே சில நொடிகளில் கொட்டிவிடும். ஊர்களுக்கு வாட்டபூவின் நகர ஜெனரேட்டர். ஆட்டக்காரர்கள் திடீரென்று கப்பலேறி நாம் யோசித்தே வைக்காத திசைக்குப் போகும்போது இந்த இரண்டும் மானத்தைக் காப்பாற்றும்.

மேப்பில் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுத நினைப்பவர்கள் மென்பொருளை வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். 'கொற்கை', 'மேடு' என்று தட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கத் தெரியாத மென்பொருள் என்றால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். எந்த ஃபான்டை மாற்றினாலும் சரியாகாது. அப்படியானால் பெயர் இல்லாமல் மேப்பை எக்ஸ்போர்ட் செய்து, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பில் திறந்து, பெயர்களைத் தனி லேயரில் எழுதுங்கள். அதில் தமிழ் பிசகாமல் வரும். ரகசிய இடங்களின் பெயர்களை இன்னொரு லேயரில் வைத்தால், அதை மறைத்துவிட்டு ஆட்டக்காரர்களுக்கு ஒரு பிரதி, மறைக்காமல் உங்களுக்கு ஒரு பிரதி என்று ஒரே ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.