ரூன்ஸ்கேப்பில் நான் வெட்டிய மரங்கள்

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டைப் போனில் இறக்கியது 2018 நவம்பரில். போனுக்கான பதிப்பு அந்த அக்டோபர் கடைசியில்தான் வந்திருந்தது. ஆபீஸில் கூட வேலை பார்த்த தம்பி ஒருவர், "அண்ணே, பழைய கேம்தான். ஆனா உள்ள போயிட்டா வெளிய வரமாட்டீங்க" என்றார். திறந்து பார்த்தால் ஆட்கள் எல்லாம் மரப்பாச்சி பொம்மை மாதிரி இருந்தார்கள். இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது.

இதன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற மாணவர் தன் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கி, 2001 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு ரூன்ஸ்கேப். காலப்போக்கில் அது ரொம்பவே மாறிப்போக, பழைய ரூன்ஸ்கேப்தான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். 2013இல் வாக்கெடுப்பு நடந்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்றைத் தூசி தட்டி, 'ஓல்டு ஸ்கூல்' என்று திறந்தார்கள். இன்றைக்கும் பெரிதாக எதையாவது புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் ஓட்டுப் போடுபவர்களில் 70 சதவீதம் பேர் சரி என்று சொல்ல வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

முதல் வேலையிலேயே விளையாட்டின் குணம் தெரிந்துவிடும். லம்பிரிட்ஜ் கோட்டையின் சமையல்காரர், அந்தக் கோட்டைப் பிரபுவின் பிறந்தநாளுக்குக் கேக் செய்ய வேண்டும். முட்டை, பால், மாவு மூன்றும் அவரிடம் இல்லை. நாம்தான் கொண்டுவர வேண்டும். வாளியை எடுத்துக்கொண்டு போய் மாட்டைக் கறக்க வேண்டும். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் உச்சிக்கு ஏறி, கொப்பரையில் கொட்டி, பக்கத்திலிருக்கும் நெம்புகோலை இழுக்க வேண்டும். அப்புறம் கீழே இறங்கி வந்தால் தொட்டியில் மாவு விழுந்திருக்கும். பானையில் அள்ளிக்கொள்ளலாம். அரக்கர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த உலகம் என்று நினைத்துப் போனவனை மாவரைக்க விட்டார்கள். அந்த மாவைப் பானையில் அள்ளியபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

என்னைப் பிடித்துக்கொண்டது மரம் வெட்டுதல். இதில் ஒவ்வொரு திறனுக்கும் 1 முதல் 99 வரை நிலை உண்டு. 60ஆம் நிலைக்கு வந்தால் யூ மரம் வெட்டலாம். ஒரு கட்டைக்கு 175 புள்ளி. 99ஐத் தொட மொத்தம் 1,30,34,431 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60இலிருந்து 99 வரை யூ மரம் மட்டுமே வெட்டினால் ஏறத்தாழ 73,000 கட்டை. பையில் 28தான் பிடிக்கும், நிறைந்ததும் வங்கியில் போட்டுவிட்டு வர வேண்டும். அப்படி 2,600 நடை. 92ஆம் நிலையை எட்டும்போதுதான் புள்ளிக்கணக்கில் பாதித் தூரம் வந்திருக்கும். கடைசி ஏழு நிலைக்கு மீதிப் பாதி.

கேட்டால் கொடுமையாகத் தெரியும். ஆனால் இதற்குக் கவனமே தேவையில்லை. மரத்தைத் தட்டிவிட்டால் ஆள் தானாக வெட்டிக்கொண்டிருப்பான். மரம் தீர்ந்தால் இன்னொன்றைத் தட்டலாம். ஒவ்வொரு கட்டைக்கும் அந்த எண் ஏறும். நிலை கூடினால் தலைக்கு மேல் வாணவேடிக்கை. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மாதம் முழுக்கக் கணக்கை நேராக்கி ரிட்டர்ன் தாக்கல் செய்தால், அடுத்த மாதம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சேர்த்து வைத்தது என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே நான் வெட்டிய ஒரு கட்டைகூட வீண்போகவில்லை. சண்டையில் வரும் பரபரப்பு அரைமணி நேரத்தில் அலுத்துவிடும். இது அலுக்கவே இல்லை. சாப்பிடும்போதும், டீக்கடையிலும், பஸ்ஸிலும், அம்மாவோடு போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசும்போதும் மரம் வெட்டினேன். அரைக் கவனத்தோடு விளையாட முடிந்ததால், மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் மிஞ்சியதும் அரைக் கவனம்தான்.

2019இல் ஊரில் சுடலைமாடன் கொடை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் கோயில் மதிலுக்குப் பின்னால் திண்டில் உட்கார்ந்து, விளையாட்டில் வாராக் அரண்மனைக்குப் பின்னாலிருக்கும் யூ மரத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் நூறு கட்டைதான், முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. மேளம் கேட்டது, குலவை கேட்டது. சாமக்கொடைக்குப் பெரியப்பா சாமியாடும் கோமரத்தாடியாக ஆடி, பந்தம் பிடித்து வேட்டைக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். திருநீறு வாங்கிக்கொண்டு வந்த ஆச்சி என்னைப் பார்த்துவிட்டு, "ஏல, சாமி வந்துட்டுப் போயிட்டு. நீ இங்க உக்காந்து என்னத்தல பாக்க?" என்று கேட்டாள். போனை வாங்கிப் பார்த்தாள். "வெட்டுன வெறகெல்லாம் எங்கல?" என்றாள். வங்கியில் இருக்கிறது ஆச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெரியப்பா கோமரம் ஆடிய கடைசி வருடம் அது. அடுத்த கொடைக்கு அவர் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே வருடம் டிராகனைக் கொன்று, ரூன் மார்புக்கவசம் அணியும் தகுதி பெற்றேன். ஒருவர் வந்து, உன் கவசத்துக்குப் பொன் விளிம்பு வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். கொடுத்தேன். ஆள் மறைந்துவிட்டார். விளிம்பு வைத்த கவசம் புதையல் வேட்டையில் மட்டும்தான் கிடைக்கும், யாரும் செய்து தர முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன், இது இந்த உலகத்தின் மிகப் பழைய ஏமாற்று. ஒரு வாரம் சரியாகத் தூக்கம் வரவில்லை. வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவும் முடியவில்லை.

விளையாட்டில் நம் விவரங்கள் இருக்கும் பக்கத்தில் 'விளையாடிய நேரம்' என்று ஒரு வரி உண்டு. தொட்டால்தான் எண் தெரியும். வெகுநாள் நான் அதைத் தொடவே இல்லை. 2022 ஜூனில் ஒருநாள் தொட்டேன். 142 நாள். தூங்காமல், சாப்பிடாமல் முழு 142 நாள். உலக சுகாதார அமைப்பு 2019இல் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்து போயிருந்தேன். கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்றதெல்லாம் பின்னுக்குப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது என்று மூன்று அடையாளம் சொல்லியிருந்தார்கள். அன்று திரும்ப எடுத்துப் படித்தேன். மூன்றும் எனக்குப் பொருந்தின.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் இரண்டு வாரம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். மூன்றாவது வாரம் பஸ்ஸில் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், தாங்க முடிந்தது. கணக்கை அழிக்கவில்லை. கம்ப்யூட்டரில் மட்டும், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம், கதையுள்ள பயணங்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். மரம் வெட்டுதல் 94இல் நின்றிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

விளையாட்டு நல்ல விளையாட்டா என்று கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். பழைய கம்ப்யூட்டரில் ஓடும். உலகமே 0.6 நொடிக்கு ஒரு துடிப்பாக நகர்வதால் மெதுவான இணைப்பும் பெரும்பாலும் போதும். இலவசமாகவே 15 திறன்களும் நல்ல சில பயணங்களும் கிடைக்கும். மாதக் கட்டணம் கட்டினால் உலகம் பல மடங்கு விரியும், அந்தப் பயணங்களின் எழுத்துக்காகவே கட்டலாம். ஆனால் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்கு நடுவே ஒரு பக்கம் ஓடட்டும் என்று ஒருநாளும் விடாதீர்கள். உட்கார்ந்து, முழுக் கவனத்தோடு விளையாடுங்கள்.

இப்போது புதிதாக ஒரு கணக்கு தொடங்கியிருக்கிறேன். நான் விளையாட, மகள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறாள். காற்றாலை நெம்புகோலை மூன்று முறை இழுக்கச் சொன்னாள். டிராகன் தீவுக்குப் போக வரைபடத்தின் மூன்று துண்டுகள் வேண்டும், இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதை வைத்திருக்கும் கோப்ளின் போர்ட் சரிம் சிறையில் இருக்கிறான், 10,000 காசு கேட்கிறான். எங்களிடம் இருப்பது 6,400. மீன் பிடித்து விற்கலாம் என்கிறாள்.