கண்ணில் படாத ஆடு: மென்சியஸும் மோசியும்

பெரிய அரசுகள் சிறிய நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிவந்த சீனத்தின் 'போரிடும் நாடுகள்' காலம், கி.மு. 221இல் சின் அரசு எல்லாவற்றையும் அடக்கியபோது முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் போரைக் கண்டித்த சிந்தனையாளர்கள் பலர் இருந்தும், மனிதனைப் போரிலிருந்து தடுப்பது எது என்ற கேள்வியில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. இந்தக் கருத்து வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படுவது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் மோசிக்கும் அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்ட, கன்ஃபூசியஸ் வழிவந்த மென்சியஸுக்கும் இடையில்தான்.

மென்சியஸின் விடை இரக்கம். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டவுடன் எவருக்கும் நெஞ்சு பதறும். பெற்றோரின் நன்றியையோ ஊராரின் புகழையோ எண்ணி வருவதன்று அந்தப் பதற்றம் என்கிறார். பலிக்கு இழுத்துச் செல்லப்பட்ட மாடு நடுங்குவதைக் காணச் சகியாமல், அதற்குப் பதிலாக ஓர் ஆட்டைக் கொல்லச் சொன்ன சீ நாட்டுச் சுவான் மன்னரிடம் அவர் பேசியது இன்னும் நுட்பமானது. மன்னர் கஞ்சத்தனத்தால் மாட்டை விட்டார் என்று மக்கள் நினைக்க, மென்சியஸோ அதில் கருணையையே கண்டார்: மாட்டை மன்னர் பார்த்தார், ஆட்டைப் பார்க்கவில்லை. விலங்கைச் சென்றடைந்த கருணை குடிமக்களைச் சென்றடையாதது ஏன் என்பதே அவர் தொடுத்த கேள்வி.

எனக்கு இடறுவதும் அந்த ஆடுதான். போரில் மடிபவர்கள் பெரும்பாலும் அரசனின் கண்ணில் படாதவர்கள். பார்த்தால்தான் கசியும் கருணையை நம்பி எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் எப்படி உயிர் வாழ்வது? கருணையை விரிக்கலாம் என்று மென்சியஸ் சொல்கிறார். விரிக்க மனமில்லாத அரசனுக்கு அவரிடம் கண்டனம் மட்டுமே உண்டு.

மோசி நெஞ்சைத் தொட முயல்வதில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறார். அடுத்தவர் தோட்டத்தில் பழம் திருடுவது குற்றம், மாட்டைத் திருடுவது அதைவிடப் பெரிய குற்றம், ஒருவனைக் கொல்வது அதனினும் பெரிது. அப்படியிருக்க ஒரு நாட்டையே தாக்குவதை மட்டும் அறம் என்று எப்படிப் புகழ்கிறீர்கள் என்பது அவர் வாதம். அவருடைய 'சியன் ஆய்' என்ற கோட்பாட்டை அன்பு என்று மொழிபெயர்த்தால் உருக்கம் கூடிவிடுகிறது. பிறர் நாட்டையும் தன் நாடாகக் கருதும் பாகுபாடற்ற அக்கறை என்பதே பொருந்தும். இது தந்தையையே மறுப்பது என்று மென்சியஸ் சாடினார். அந்தச் சாடல் நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. தன் பெற்றோரைப் பிறர் பேண வேண்டுமென்று விரும்பும் மகன் முதலில் பிறர் பெற்றோரைப் பேண வேண்டும் என்றுதான் மோசியின் நூல் வாதிடுகிறது.

லாவோட்சுவின் பெயரில் வழங்கும், தாவோ மரபின் மூலநூலான 'தாவோ தே ஜிங்', கருணையை மூன்று செல்வங்களில் முதலாவதாக வைத்து, வெற்றியையும் இழவுச் சடங்காக நடத்தச் சொல்கிறது. வென்றவனுக்கு உரைக்க வேண்டிய சொல் அது; முற்றுகையிடப்பட்ட சிற்றூர்க்காரனுக்குப் பெரிதாக உதவாது.

மோசியிடம் அதற்கும் வழி இருந்தது. கோங்ஷு பான் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த முற்றுகை ஏணிகளைக் கொண்டு சூ நாடு சோங் நாட்டைத் தாக்கப்போவதை அறிந்து, பத்து நாள் பத்து இரவு நடந்து சூ தலைநகரை அடைந்தார் என்று அவர் நூல் கூறுகிறது. அவருடைய வாதத்தைச் சரியென்று ஒப்புக்கொண்ட மன்னர், ஏணிகள் தயாராகிவிட்டன என்று சொல்லிப் போரைக் கைவிட மறுத்தார். தர்க்கமும் இரக்கத்தைப் போலவே அரண்மனை வாசலில் தோற்றது. பிறகு மோசி இடைக்கச்சையை மதிலாக வளைத்துவைத்து, கோங்ஷு பானின் ஒன்பது மாதிரித் தாக்குதல்களையும் முறியடித்துக் காட்டினார். தன்னைக் கொன்றாலும் பயனில்லை, தன் சீடர்கள் 300 பேர் தற்காப்புக் கருவிகளோடு சோங் மதில்மேல் காத்திருக்கிறார்கள் என்று சொன்ன பின்னரே மன்னர் படையெடுப்பைக் கைவிட்டார்.

பிற்காலத்தில் மென்சியஸின் நூல் அரசுத் தேர்வுகளின் பாடமாகி நூற்றாண்டுகள் நிலைத்தது. மோசியின் மரபோ பேரரசுக் காலத்தில் மங்கியது. அவர் நூலின் 71 இயல்களில் 53 மட்டுமே எஞ்சின. சோங் வழியாகத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டதாகவும், தான் காப்பாற்றிய நாட்டில் மோசி ஒதுங்க இடம் கேட்டபோது வாயிற்காவலர் அவரை உள்ளே விடவில்லை என்றும் அந்தக் கதை முடிகிறது.