ஜமக்காளத்தை வெட்டிப் போர்த்திய சோபா: மூன்று வருடத்துக்குப் பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஹாலில் சோபாவைக் கவிழ்த்துப்போட்டு, துணியைப் பிடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்தில் இது மூன்றாவது தடவை. அன்றைக்கு ராத்திரி பார்த்து, கூடப் படித்த தோழி ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்கிறாள்: "எங்கிட்டயும் அம்மா குடுத்த ஜமக்காளம் ஒண்ணு பரண்ல சும்மா கெடக்குடி. உன் சோபா மாதிரியே பண்ணிடட்டுமா?" விரல் நுனியெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. அப்போதே பதில் போட்டிருந்தால் நியாயமாக இருந்திருக்காது. நான்கு நாள் ஆறப்போட்டு இப்போது எழுதுகிறேன்.

சோபா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியது, 4,500 ரூபாய். கைப்பிடியும் காலும் தேக்கு, உள்சட்டம் ஏதோ நாட்டு மரம். ரெக்சின் வெடித்திருந்தது. உள்ளே ஃபோம் மஞ்சளாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. அதெல்லாம் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதவை இரண்டு: உளுத்த மரம், மூட்டைப்பூச்சி. காலடியில் மரமாவு கொட்டியிருக்கிறதா, ரெக்சின் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். புள்ளி இருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

குஷன் வேலைக்குக் கேட்ட இடத்தில் 9,500 சொன்னார்கள். வீட்டில் என் கல்யாணச் சீரோடு வந்த பவானி ஜமக்காளம் இருந்தது. ஆறடிக்கு ஒன்பதடி, சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பட்டை பட்டையாக. கல்யாணம் ஆன நாளிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை விரித்திருப்போம், அவ்வளவுதான். அதை எடுத்து, வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை துவைத்தேன். இரண்டு பக்கெட் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அந்தத் துவையலைத் தவிர்த்திருந்தால் அப்பாவின் வெள்ளை வேட்டியெல்லாம் சிவந்திருக்கும்.

வேலை எப்படிச் செய்வது என்பதற்கு இப்போது எத்தனையோ வீடியோ இருக்கிறது, அதனால் அதை விரிவாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும்: பின்னை நடுவிலிருந்து ஆரம்பித்து, முன்னால் ஒன்று, எதிரே பின்னால் ஒன்று என்று மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே ஓரத்துக்குப் போக வேண்டும். மூலை கடைசி. ஒரு மூலையில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் பட்டை கோணிவிடும், அந்தக் கோணலைத்தான் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி எனக்குப் பிடித்தது. மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரெக்சின் சோபாவில் எழுந்திருக்கும்போது தொடை ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். இது ஒட்டுவதில்லை, சுடுவதில்லை. தடிமனான பருத்தி நூல் வேர்வையைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. மின்சாரம் போன ராத்திரிகளில் கட்டிலை விட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் அந்தச் சோபாவுக்குத்தான் சண்டை போடுவார்கள். மூன்று வருடம் ஆகியும் நடுப்பகுதியில் தேய்மானம் இல்லை, சாயமும் மங்கவில்லை. ஒரு துணி இவ்வளவு தாங்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆனால் முன் விளிம்பு. முழங்காலுக்குப் பின்பக்கம் படுகிற அந்த விளிம்பு.

ஏழாவது மாதம் ஒரு நூல் தொங்கியது. கத்தரித்தேன். அடுத்த வாரம் மூன்று நூல். வருடம் முடிவதற்குள் ஒரு கையகலத்துக்குத் துணி பின்களிலிருந்து நழுவி, அடியில் இருந்த காடாத்துணி வெளியே தெரிந்தது. முதல் தடவை, உள்ளே மிச்சமிருந்த ஓரத்தை இழுத்து இரட்டையாக மடித்து அடித்தேன். இரண்டாவது தடவை, ஓரம் முழுக்க நாடா வைத்துக் கையால் தைத்து அடித்தேன். கோணி ஊசி விரலில் இறங்கி இரண்டு நாள் வீக்கம். எல்லாம் ஒவ்வொரு வருடம்தான் நின்றது. இரண்டு வருடமாக நான் ஜமக்காளத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். முன்னைப்போல இப்போது நெய்வதில்லை என்றுகூட ஒருத்தரிடம் சொல்லிவிட்டேன். அது தப்பு. 2005-06-லேயே புவிசார் குறியீடு வாங்கிய நெசவு அது, குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிறவர்களின் உழைப்பு. என் கை செய்த பிழையை அவர்கள் தலையில் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்துப்போட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வலது பக்கமும் இடது பக்கமும் அதே துணி, அதே பின், அதே கை. அங்கே ஒரு நூல்கூடப் பிரியவில்லை. முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் பிரிந்திருந்தது. ஜமக்காளத்தில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் உள்ளே ஒளிந்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற நிறமெல்லாம் குறுக்கே ஓடுகிற ஊடை நூல், தடிமனாக, ஒன்றோடொன்று நெருக்கி அடித்தது. பட்டைகள் ஊடையின் வாட்டத்திலேயே ஓடும். பட்டைக்கு இணையாகக் கத்தரி போட்டால், வெட்டிய ஓரத்தில் ஊடை நூலைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. சீப்பின் பல்லிலிருந்து உருவுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நான் பட்டை சோபாவின் நீளவாக்கில் ஓடினால் அழகாக இருக்கும் என்று அப்படி வெட்டியிருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

திருப்பிப் போட்டிருந்தால்? பட்டை முன்னிருந்து பின்னாக ஓடியிருக்கும். வெட்டாத கரை, நூல் திரும்பி வருகிற அந்த இறுக்கமான ஓரம், நேராக முன் விளிம்புக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். ஆறடி அகலத்தில் இரண்டு கரை, உட்காரும் இடத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. எல்லாம் துணியிலேயே தயாராக இருந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. ஃபோமை வெளியே எடுத்ததும் முன்பக்கம் பள்ளமாகியிருந்தது தெரிந்தது. பள்ளம் விழுந்தால் துணி தொய்யும். தொய்ந்த துணி ஒவ்வொரு தடவை உட்கார்ந்து எழும்போதும் சட்டத்தின் மேல் தேயும். கடையில் 40 டென்சிட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். டென்சிட்டி என்பதைக் கடினம் என்று நினைத்துக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்குகிறோம், நானும் அப்படித்தான் வாங்கினேன். அது எடைக்கணக்கு: ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. என் ஃபோம் 60 அங்குல நீளம், 22 அகலம், 4 உயரம். பெருக்கினால் 5,280 கன அங்குலம். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 61,000 கன அங்குலம். ஆக, 40 டென்சிட்டி என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ நானூறு. அதாவது 28. பெருக்கிப் பார்த்தால் தெரிந்துபோகிற ஒரு விஷயத்தில் மூன்று வருடம் ஏமாந்திருக்கிறேன் என்கிற கோபம் இன்னும் இறங்கவில்லை. புது ஃபோம் வேறு கடையில், தராசைக் கையோடு கொண்டுபோய், அங்கேயே தொங்கவிட்டுப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

ஜமக்காளத்தில் மீதி மூன்றடி இருந்தது. அதை அகலத்தின் நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கரை. இரண்டையும் திருப்பிவைத்து, நடுவில் இணைத்து, கரைகள் முன்னால் வருகிற மாதிரி அடித்துவிட்டேன். நடுவில் ஒரு தையல் தெரிகிறது. முதலிலேயே சரியாக வெட்டியிருந்தால் அந்தத் தையல் இருந்திருக்காது. முன் விளிம்பு இப்போது கல்லு மாதிரி நிற்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒரு நூல்கூட அசையவில்லை.

ஆக, ரெக்சினைவிட நூறு மடங்கு மேல். செலவு குஷன் கடை கேட்டதில் பாதிகூட ஆகவில்லை, இரண்டாவது ஃபோமையும் சேர்த்து. வேறு எந்தத் துணியும் எங்கள் வீட்டு வெயிலுக்கு இப்படி ஒத்துவந்திருக்காது. இவ்வளவும் சொல்லிவிட்டு தோழிக்கு நான் எழுதிய பதில்: வெட்டாதே.

போன ஆடியில் பெரியம்மா வீட்டுக்காரர்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும். பிளாஸ்டிக் பாய் நான்கு விரித்தோம். ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, ஓரம் சுருண்டுகொண்டு, பெரியப்பா இரண்டு தடவை எழுந்து சரிபண்ணினார். சாம்பார் வாளியோடு வந்த அம்மா, "அந்த ஜமக்காளம் இருந்தா…" என்று ஆரம்பித்து, சோபாவைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் பரிமாறப் போய்விட்டாள். நான் வெட்டியபோதும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை பேர் வந்தாலும் இடம் கொடுக்கிற ஒன்றை மூன்று பேருக்கானதாக ஆக்கிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நேற்று அந்த நடுத்தையலைத் தடவியபோதும் அதுதான் ஞாபகம் வந்தது.

சோபாவுக்குத்தான் வேண்டும் என்றால் புதிதாக ஒன்று வாங்கி வெட்டு, பட்டையை முன்னும் பின்னுமாகப் போடு, கரையை முன்னால் வை, ஃபோமை நிறுத்துப் பார்த்து வாங்கு என்று எழுதினேன். பரணில் இருப்பதை இறக்கி வெயிலில் போட்டு மடித்து வை. ஈரோட்டுக்கு உன் நாத்தனார் வீட்டுக்குப் போகிறபோது பவானியில் எனக்கும் ஒன்று எடு, ஆறுக்கு ஒன்பது, சிவப்பு அதிகம் இருக்கிறதாக. பணம் இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.