பிரிண்டர் சூடாகிற நேரத்துக்கு ஒரு விளையாட்டு

தென்காசியில் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை. 2001-இல் ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புக் என்று வருகிறதையெல்லாம் செய்கிறோம். இந்தத் தொழிலில் டைப் அடிக்கிற நேரத்தைவிடக் காத்திருக்கிற நேரம் அதிகம். லேசர் பிரிண்டர் சூடாக வேண்டும். புரூஃப் எடுத்துக் கொடுத்தால் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். நடுவில் வீட்டுக்குப் போனைப் போட்டு, "மாமா பேருக்கு முன்னால என்ன இனிஷியல் போடணும்?" என்று கேட்பார். ஐந்து நிமிடமும் ஆகும், இருபதும் ஆகும்.

அந்த நேரத்தில் அடுத்த வேலையைத் திறக்கலாமே என்று தோன்றும். நானும் திறந்து பார்த்தவன்தான். ஒரு வீட்டுப் பத்திரிகையில் இன்னொரு வீட்டு மண்டபத்தின் பெயர் ஏறி, ஐந்நூறு அட்டையைக் கைக்காசு போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன். அதோடு அந்த ஆசை போனது. இடைப்பட்ட நேரத்தில் விளையாடத் தொடங்கியது அப்படித்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் அளவுகோல் ஒன்றுதான். "அண்ணே, பாத்துட்டேன்" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்ததும் மவுஸை விட்டுக் கையை எடுக்க முடிய வேண்டும். கையோடு மனசும் வர வேண்டும்.

முதல் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 98. எல்லாரையும் போல நானும் மைன்ஸ்வீப்பரில்தான் தொடங்கினேன். குண்டு ஒளிந்திருக்கிற கட்டத்தைத் தொடாமல் மற்றதையெல்லாம் திறக்கிற ஆட்டம்; திறந்த கட்டத்தில் வரும் எண், அதைச் சுற்றி எத்தனை குண்டு என்று சொல்லும். எக்ஸ்பர்ட் நிலையில் 16-க்கு 30 கட்டம், 99 குண்டு. ஐந்து கட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஆரம்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். அப்புறம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. திறக்காத கட்டங்கள் சுவர் மாதிரி நேராக நிற்கும்போது அதை ஒட்டி 1-2-1 என்று வந்தால், இரண்டு ஒன்றுக்கும் எதிரில் குண்டு, நடுவில் இல்லை. 1-2-2-1 என்று வந்தால் இரண்டுகளுக்கு எதிரில் குண்டு. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், விரல் தானாக ஓடும்.

சங்கடம் கடைசியில்தான். எல்லாவற்றையும் திறந்துவிட்டு மூலையில் இரண்டு கட்டம் மிச்சம் நிற்கும். ஒன்றில் குண்டு. எதில் என்று எந்த எண்ணும் சொல்லாது. பூவா தலையாதான். பத்து நிமிடம் யோசித்துச் செய்ததைக் கடைசியில் குருட்டாம்போக்கில் தொலைப்பது எனக்கு ஆறவே ஆறாது. தோற்றால் உடனே இன்னொன்று போடுவேன். பெஞ்சில் இருப்பவர் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழும். ஆக, கடைக்கு அது தோல்வி. ஒரு கட்டம் கொடுத்தால் அதில் குண்டுகள் முரணில்லாமல் பொருந்துமா என்று கண்டுபிடிப்பது கணினி அறிவியலில் மிகக் கடினமானதாகக் கருதப்படும் ஒரு வகைக் கணக்குகளில் ஒன்று என்று ரிச்சர்ட் கே என்ற கணித அறிஞர் 2000-இல் நிறுவினார். பிற்பாடு இதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அடுத்தது ஃப்ரீசெல். பத்து வருஷம் என்னோடு இருந்தது. 52 சீட்டும் முகம் தெரியத்தான் கிடக்கும். எட்டு வரிசை, தற்காலிகமாக வைக்க நான்கு இடம். அதிர்ஷ்டத்துக்கு அதில் பெரிய வேலை கிடையாது. கடிகாரம் ஓடாது. பாதியில் விட்டுவிட்டு ஒரு பத்திரிகையை முடித்து வந்தாலும் சீட்டு அப்படியே காத்திருக்கும். அந்தக் காலத்து ஃப்ரீசெல்லில் ஒரே ஒரு அடிதான் பின்வாங்கலாம். அதனால் வைக்கும்முன் யோசிக்கிற பழக்கம் வந்தது.

அதில் 32,000 ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நிரூபிக்கப்படவில்லை என்றாலும் எல்லாமே ஜெயிக்கக்கூடியவைதான் என்று நம்பப்படுகிறது என அதன் ஹெல்ப் பக்கத்தில் எழுதியிருக்கும். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். குற்றாலம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நண்பர் ஒருவர், "11982 போட்டுப் பாரும் வே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். போட்டேன். ஒரு மாதம் போட்டேன். சீட்டு வரிசையைப் பில் புக்கின் பின்பக்கம் எழுதி வைத்து வீட்டிலும் யோசித்தேன். 32,000-இல் ஜெயிக்கவே முடியாத ஆட்டம் அது ஒன்றுதான் என்பது அவருக்கு முன்பே தெரியும். தொண்ணூறுகளிலேயே இணையத்தில் ஆட்கள் பங்கு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஆடிப் பார்த்து, இந்த ஒன்றில் மட்டும் நின்றுபோனார்களாம். அந்த நண்பரோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் ஃப்ரீசெல்லைக் கடையில் நிறுத்தியதற்குக் காரணம் வேறு. கொடை நோட்டீஸ் அடிக்க வந்த பெரியவர் ஒருவர், பச்சைத் திரையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அம்மன் நோட்டீஸு அடிக்க எடத்துல சீட்டு வெளையாடுதீய?" என்று கேட்டுவிட்டார். காசு வைத்து ஆடுவதில்லை என்று விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை. நம் ஊரில் சீட்டு என்றால் சீட்டுதான். சாலிட்டேரும் அதே வழக்கில் உள்ளே போனது. 1990-இல் விண்டோஸ் 3.0-வோடு வந்த அந்த ஆட்டத்தை எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த பையன். எத்தனை கோடி மணி நேரத்தைத் தின்ற ஆட்டம், அவருக்கு அதில் ராயல்டி என்று ஒரு காசு கிடையாது.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகு கொஞ்ச நாள் பின்பால் என்ற பந்து ஆட்டம். சத்தமில்லாமல் ஆடினால் ருசிக்காது, சத்தத்தோடு ஆடினால் கடை கெடும். விண்டோஸ் 7-க்கு மாறியபோது தேடினேன், காணவில்லை. அதன் காரணத்தை மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ஆட்டத்தை 64 பிட் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிக் கீழே விழுந்ததாம். வெளி நிறுவனத்திடம் வாங்கிய நிரல் அது. விளக்கக் குறிப்பு இல்லாத அந்த நிரலில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் ஆட்டத்தையே எடுத்துவிட்டார்கள். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் பழைய ஃபைலைப் புதுக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தவன் என்ற முறையில் அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது.

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற டெட்ரிஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேமிலேயே எல்லாரும் ஆடியிருப்போம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பாஜித்னோவ் செய்தது. அருமையான ஆட்டம்தான். ஆனால் வேகம் கூடிக்கொண்டே போகும், தோற்றால்தான் முடியும். ஆடி முடித்தால் படபடப்புதான் மிச்சம். அந்தக் கையோடு முகூர்த்த நேரத்தை டைப் அடிக்கக் கூடாது.

2014-இல் 2048 வந்தது. இத்தாலியில் கேப்ரியேல் சிருல்லி என்ற பத்தொன்பது வயதுப் பையன் செய்தது. ஒரே எண்ணுள்ள இரண்டு கட்டையை மோதவிட்டு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போய் 2048 என்ற கட்டையை உண்டாக்க வேண்டும். அம்புக்குறி விசை நான்கு போதும், பிரவுசரிலேயே ஓடும். கடையில் வேலை பார்த்த பையன்தான் காட்டினான். அடுத்த மூன்று மாதம் நான் நானாக இல்லை. ஏன் இது இவ்வளவு நேரத்தைச் சாப்பிடுகிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புதுக் கட்டை வரும். பத்தில் ஒன்பது தடவை 2, ஒரு தடவை 4. சராசரி 2.2. கட்டைகள் சேருமே தவிர மொத்தக் கூட்டல் குறையாது. அப்படியானால் 2048-ஐத் தொட 930 தடவைக்கு மேல் நகர்த்த வேண்டும். நகர்த்தலுக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் கால் மணி நேரம் தாண்டும். யோசித்து ஆடினால் அரை மணி. ஐந்து நிமிட இடைவேளைக்கு இதைத் திறப்பது, டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறுவது மாதிரி. தொட்ட பிறகும் மேலே ஆடலாம் என்று கூப்பிடும். நிறுத்திவிட்டேன்.

செல்போன் ஆட்டங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மிட்டாய் உடைப்பது, பந்து சுடுவது, எல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஒரு நிமிட ஆட்டத்துக்கு அரை நிமிட விளம்பரம். நான் தோற்றால் அதற்கு லாபம், அதற்கேற்ற மாதிரி நிலைகளை அமைத்திருக்கிறார்கள். ஒன்று விடிகாலை நான்கு மணிக்கு "உங்கள் பரிசு காத்திருக்கிறது" என்று எழுப்பியது. எல்லாவற்றையும் அழித்தேன். இலவச ஆட்டங்கள் என்று சொன்ன ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கியதில் கடைக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்து இரண்டு நாள் கடை நின்ற கதையும் உண்டு. தமிழ் ஃபாண்ட் அத்தனையும் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

இப்போது ஏழெட்டு வருஷமாக நான் ஆடுவது சைமன் டாத்தம் தொகுப்பு. பட்டி என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை எழுதிய இங்கிலாந்துக்காரர்தான் இவர். சின்னச் சின்னப் புதிர்களாக நாற்பது வரை எழுதி, 2004-இலிருந்து இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். விளம்பரம் இல்லை, நெட் வேண்டாம், சத்தம் இல்லை, லாகின் இல்லை. பழைய கம்ப்யூட்டரிலும் கிளிக் செய்த நொடியில் திறக்கும்.

என் கைக்குப் பழகியவை மூன்று நான்கு. டென்ட்ஸில் மரங்கள் இருக்கும், ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் ஒரு கூடாரம் போட வேண்டும். இரண்டு கூடாரம் மூலைவாட்டில்கூடத் தொடக் கூடாது. வரிசைக்கு எத்தனை என்று ஓரத்தில் எண் இருக்கும். 8-க்கு 8 எனக்கு மூன்று நிமிடம். லைட் அப்பில் அறை முழுக்க வெளிச்சம் வருகிற மாதிரி பல்பு வைக்க வேண்டும், ஒரு பல்பின் வெளிச்சம் இன்னொரு பல்பில் விழக் கூடாது. பிரிட்ஜஸில் தீவுகளைப் பாலத்தால் இணைக்க வேண்டும். இவற்றில் பல ஜப்பானின் நிகோலி பத்திரிகையில் புகழ்பெற்ற புதிர் வகைகள்.

மைன்ஸும் உண்டு. எனக்குப் பழைய புண் ஆறியது அதில்தான். முதல் கட்டத்தைத் திறந்த பிறகு ஊகம் தேவைப்படாத மாதிரியே இது குண்டுகளை வைக்கிறது. மூலையில் பூவா தலையா கிடையாது. அவசரப்பட்டுக் குண்டில் கை வைத்தாலும் ஒரு அடி பின்வாங்கி ஆட்டத்தைத் தொடரலாம். ஆனால் கீழே எத்தனை தடவை செத்தோம் என்ற எண் நின்றுகொண்டே இருக்கும். முடித்த பிறகும் போகாது. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியம், புதிர் முடிந்தால் முடிந்துவிடுகிறது. நட்சத்திரம் வெடிக்காது, அடுத்த நிலை என்று இழுக்காது. அப்படியே நிற்கும். எழுந்து போய்விடலாம்.

குறை இல்லாமல் இல்லை. பார்க்க அழகே கிடையாது, சாம்பல் கட்டமும் கோடும்தான். விதிகள் ஆங்கிலத்தில். முதல் முறை திறப்பவர் என்ன செய்வது என்று தெரியாமல் மூடிவிடுவார். கம்ப்யூட்டரில் ஜன்னலை மூடினால் பாதி ஆட்டம் போய்விடும், நாமாகச் சேமித்தால்தான் உண்டு. கரண்ட் போய் யுபிஎஸ் கத்துகிற நேரத்தில் பத்திரிகை ஃபைலைச் சேமிப்பதா, கூடாரத்தைச் சேமிப்பதா? (பத்திரிகையைத்தான்.)

இன்னொன்று, கண்ணுக்கு இது ஓய்வே இல்லை. அதே திரை, அதே மவுஸ், அதே மணிக்கட்டு. நாள் முழுக்க எழுத்து பார்த்தவருக்கு எழுந்து வாசலில் நின்று ஒரு டீ குடிப்பது எந்த ஆட்டத்தையும்விட நல்லது. நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான். மனசு சலித்தால் ஆட்டம், கண் எரிந்தால் டீ.

போன ஆவணியில் ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். சீட்டாட்டம் என்று என்னைக் கோபித்த பெரியவரின் பேரன். புரூஃபைக் கையில் வாங்கியவர் படிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அந்த மூலைல கூடாரம் வராது, மேல உள்ளது தட்டும்" என்றார். சரிதான், தட்டியது. நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவிட்டு புரூஃபை நான் வாங்கிப் படித்தேன். முகூர்த்தத் தேதிக்கும் கிழமைக்கும் ஒரு நாள் வித்தியாசம்.