எந்த விளையாட்டில் கடல் இருக்கிறது?

ரியூஷன் முடிந்ததும் நாங்கள் ஓடிப்போய் உட்காரும் நெட் கபே ஒன்று உவர்மலையில் இருந்தது. ஐந்து கொம்பியூட்டர், வளம் சேர்த்துப் படை கட்டிச் சண்டை பிடிக்கும் மூன்று விளையாட்டு: ஸ்டார்கிராஃப்ட், ரெட் அலர்ட் 2, ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2. எது திறம் என்ற சண்டை இன்றைக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓயவில்லை. என்னுடைய அளவுகோல் கொஞ்சம் விசித்திரமானது. திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன், கடல் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஸ்டார்கிராஃப்ட் இந்தச் சோதனையில் எடுத்த எடுப்பிலேயே அவுட். விண்வெளிக் கதை, அதில் கப்பல் என்றாலே பறப்பதுதான். நியாயமாகச் சொன்னால் மூன்றிலும் கூர்மையான ஆட்டம் இதுதான். டெரன், ஸெர்க், புரோட்டோஸ் என்று மூன்று இனம். ஒன்றின் சாயல் மற்றதில் இல்லை, இருந்தும் ஆட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. ஆனால் 1998இல் வந்த அந்தப் பழைய ஆட்டத்தில் ஒரு தடவைக்கு 12 பேரைத்தான் பிடித்து நகர்த்தலாம். விரல் பறக்க வேண்டும். என் விரல் பறக்காது, அவ்வளவுதான்.

ரெட் அலர்ட் 2இல் கடல் உண்டு, அதுவும் வேடிக்கையான கடல். அமெரிக்கப் பக்கம் பழக்கிய டொல்பின்கள், சோவியத் பக்கம் ராட்சதக் கணவாய். அந்தக் கணவாய் கப்பலைக் கட்டிப்பிடித்து நெரிக்கும்போது கபே முழுக்கச் சிரிப்பு. கணவாய்க் கறி சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு அது பழிக்குப் பழி மாதிரி! காசு ஒன்றுதான் வளம், தாது அள்ளும் வண்டி ஓடினால் டாங்கி வரும். அரை மணித்தியாலத்தில் கதை முடிந்துவிடும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அந்தக் கடலில் பிழைப்பு இல்லை, சண்டை மட்டும்தான்.

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2இன் கடலில் மீன் இருக்கிறது. எனக்கு அது போதும்.

தீவு வரைபடம் ஒன்றை எடுங்கள். முதல் வேலை துறை கட்டுவது. மீன் கூட்டத்துக்குக் கிட்டவாகக் கட்டினால் வள்ளம் சீக்கிரம் போய்த் திரும்பும், தள்ளிக் கட்டினால் பாதி நேரம் பயணத்திலேயே போய்விடும். கொட்டியாரக் குடாவில் தொழில் செய்பவர் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அந்த மீன்தான் உணவு, அந்த உணவில்தான் புதுக் குடியானவர் வருவார்கள், அவர்கள் மரம் வெட்டினால்தான் போர்க்கப்பல். ஆகவே கெட்டிக்காரன் கோட்டைக்கு வரமாட்டான், மீன்வள்ளங்களுக்குத்தான் வருவான். என் கூட்டாளி ஒருவனுக்கு அது ஒன்றுதான் தெரியும். "மச்சான், உன்ர வள்ளம் எல்லாம் போச்சுடா" என்று பக்கத்து நாற்காலியில் இருந்து குரல் வரும். அப்போது என் அரண்மனையில் ஒரு கல் கூட விழுந்திருக்காது. கால் மணித்தியாலம் கழித்துத்தான் நான் தோற்றது எனக்கே தெரியவரும்.

குறையும் உண்டு. 1999இல் வந்த முதல் பதிப்பில் வயல் தீர்ந்தால் நாமே தேடிப்போய்த் திரும்ப விதைக்க வேண்டும். சண்டை நடுவில் அது பெரிய கரைச்சல். அடுத்த வருடம் வந்த விரிவாக்கத்தில்தான் ஆலையில் முன்கூட்டியே விதைப்புக்கான மரத்தைக் கட்டிவைக்க வழி வந்தது.

சரி, 2022க்கு வருவோம். அந்த வருடம் இதே விளையாட்டில் திராவிடர் என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள், உருமி என்ற வளையும் வாளை வீசுகிறார்கள், இராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதைத்தொடரே இருக்கிறது. சோழர் எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. திருகோணமலையில் பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரையில் அவர்கள் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, அன்று அதற்குப் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. விளையாட்டில் நைட் என்ற கனத்த குதிரைவீரர் திராவிடருக்குக் கிடையாது, திறந்த வெளியில் அடி வாங்குவார்கள். ஆனால் அவர்களுடைய மீன்வள்ளம் மற்றவர்களுடையதை விட 15 அலகு கூடுதலாகச் சுமக்கும்.

கூட்டாளி இப்போது கனடாவில். போன ஞாயிறு ஒன்லைனில் திராவிடரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை மீன்வள்ளத்துக்கு முன்னால் இரண்டு போர்ப்படகு காவல் வைத்தேன். அவன் தீவின் மறுபக்கத்தால் வந்தான்.