கண் மருந்து கம்பெனி: டாக்டர் தலைவரா, பிசினஸ் தலைவரா?
அம்மாவுக்கு சுகரால கண்ணுல நீர் கோத்து ஊசி போடுறாங்க, மலேசியாவுல பட்டர்வொர்த்லேருந்து பாலம் தாண்டி பினாங்குத் தீவு ஜார்ஜ்டவுன் போவோம், திரும்பி வரும்போது கண்ணைச் சுத்தி அயோடின் மஞ்சக் கறை அப்படியே இருக்கும். அந்த மருந்து ஐலியா. செஞ்சது ரீஜெனரான்ங்கிற அமெரிக்க கம்பெனி. 1988ல ஆரம்பிச்ச லியோனார்ட் ஷ்லைஃபர் ஒரு நரம்பு டாக்டர், கூட நின்ன ஜார்ஜ் யான்கோபவுலோஸ் விஞ்ஞானி, முதல்ல ஏஎல்எஸ்ங்கிற நரம்பு நோய்க்கு செஞ்ச மருந்து தோத்தும் விடாம லேப்லயே கிடந்து 2011லதான் ஐலியாவுக்கு அமெரிக்க அனுமதி வாங்கினாங்க.

ஸ்பார்க் தெரபியூடிக்ஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க கம்பெனி வேற மாதிரி. அப்போ சிஇஓவா இருந்த ஜெஃப் மராஸோ பிசினஸ், பாலிசி படிச்சவர், சயின்ஸ் பக்கம் ரத்தவியல் டாக்டர் கேத்ரின் ஹை. பிறவியிலேயே ஆர்பிஇ65 ஜீன் கோளாறால பார்வை போறவங்களுக்கு அவங்க செஞ்சது லக்ஸ்டர்னாங்கிற ஜீன் சிகிச்சை, 2017ல அனுமதி, வெளிவந்தப்போ விலை ரெண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர்! ஆனா சரியா வேலை செய்யலன்னா பணத்துல ஒரு பகுதி திருப்பித் தர்ற ஏற்பாட்டையும் கொண்டு வந்தாங்க, அதுக்கு பிசினஸ் மூளை வேணும்தான்.

எனக்கு டாக்டர் கைதான் மேல். இருபது வருஷத்துக்கு மேல காத்திருக்க நோயாளியைப் பாத்த மனசு வேணும்ங்க. ஸ்பார்க்கை 2019லயே ரோஷ்ங்கிற பெரிய மருந்து கம்பெனி வாங்கிடுச்சு.